வெளியூரில் இருந்தபடி சென்னையில் ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விடுவது: கணக்கு முதல் நிர்வாக ஒப்பந்தம் வரை முழுமையான வழிகாட்டி

பெங்களூரோ துபாயோ சிங்கப்பூரோ, எங்கே வேலை பார்த்தாலும் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் சென்னையில் ஒரு ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விடலாமே என்ற யோசனை நம்மில் பலருக்கு வரும். முன்பெல்லாம் அப்பாவோ மாமாவோ மாதம் ஒரு தடவை போய் வாடகையை வாங்கி வருவார்கள், மோட்டார் கெட்டுப்போனால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவார்கள். இப்போது அந்த வேலைக்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. ஆள் தேடுவது, அக்ரிமென்ட் போடுவது, குழாய் ஒழுகினால் ஆள் அனுப்புவது, காலி செய்யும்போது சாவி வாங்குவது என்று எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொண்டு அதற்கு ஒரு கட்டணம் வாங்குகிறார்கள். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒன்றை மட்டும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்: வேலையை அவர்களிடம் கொடுக்கலாம், பணம் வந்து போகும் வழியும் கையெழுத்தும் உங்களிடமே இருக்க வேண்டும். இந்த வழிகாட்டியில் சொல்லப்போகும் பாதி விஷயங்கள் இந்த ஒன்றிலிருந்துதான் வருகின்றன.

முதலில் கணக்கு, அப்புறம் வீடு

விளம்பரத்தில் சொல்லும் வருமானம் எப்போதும் வருட வாடகையை வீட்டு விலையால் வகுத்த எண்தான். 60 லட்சம் வீடு, மாதம் 22,000 வாடகை, வருடத்துக்கு 2,64,000, ஆக 4.4%. கேட்க நன்றாக இருக்கும். இதே வீட்டை முழுக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். இது ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் உள்ள இரண்டு படுக்கையறை ரீசேல் ஃபிளாட் என்று வைத்துக்கொள்ளுங்கள், எண்களை உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் ரீசேல் வீட்டுக்கு முத்திரைத்தீர்வை 7%, பதிவுக்கட்டணம் 2%, இரண்டும் சேர்த்து 9%. பத்திரத்தில் போடும் விலை, வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன் மேல் கட்ட வேண்டும். 60 லட்சத்துக்கு 5,40,000. புரோக்கருக்கு ஒரு சதவீதம், 60,000. வக்கீல், வார்ட்ரோப், ஃபேன், கீசர், கிச்சன் வேலை, பெயின்டிங் எல்லாம் சேர்த்து 3 லட்சம். மொத்தம் 69 லட்சம். உங்கள் முதலீடு இதுதான், 60 அல்ல.

இனி வருமானம். வருடத்தில் ஒரு மாதம் காலியாகக் கிடக்கும் என்று வைத்தால் கைக்கு வரும் வாடகை 2,42,000. நிர்வாகக் கட்டணம் 8%, அதன் மேல் 18% ஜி.எஸ்.டி., கிட்டத்தட்ட 22,850. புது ஆள் பிடித்துத் தருவதற்கு அரை மாத வாடகை, வரியோடு 12,980. காலி மாதத்து மெயின்டனன்ஸ் உங்கள் தலையில், 3,500. சொத்து வரி 6,000. ரிப்பேர், பெயின்டிங் எல்லாவற்றையும் வருடங்களுக்குப் பிரித்தால் 15,000. இவ்வளவும் போக மிஞ்சுவது சுமார் 1,81,700. 69 லட்சத்துக்கு இது 2.6%, அதுவும் வருமான வரிக்கு முன்னால்.

வங்கிக் கடனில் வாங்கினால் நிலைமை இன்னும் தெளிவாகத் தெரியும். 45 லட்சம் கடன், 8.5% வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை 39,000 ரூபாய். வீட்டிலிருந்து மாதத்துக்கு நிகரமாக வருவது 15,000 சொச்சம். மீதி 24,000 மாதா மாதம் உங்கள் சம்பளத்திலிருந்துதான் போகும். "வாடகையே இ.எம்.ஐ. கட்டிவிடும்" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை எடுத்து நீட்டுங்கள். என் கருத்து இது: வாடகை வருமானத்துக்காக மட்டும் பெரும் கடன் வாங்கி ஃபிளாட் வாங்க வேண்டாம். பெரும்பகுதி சொந்தப் பணம், பத்து வருடத்துக்கு மேல் வைத்திருக்கும் பொறுமை, பின்னால் நீங்களோ பிள்ளைகளோ வந்து இருக்கக்கூடும் என்ற எண்ணம், இவை இருந்தால் கணக்கு சரியாக வரும்.

எந்தப் பகுதி?

வாடகைக்கு விடும் வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது உங்களுக்குப் பிடித்ததா என்று பார்க்காதீர்கள், அங்கே குடியிருக்கப் போகிறவர் காலையில் எங்கே வேலைக்குப் போவார் என்று பாருங்கள். பெருங்குடி, துரைப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர் வரிசையில் ஐ.டி. அலுவலகங்கள் நெருக்கமாக இருப்பதால் ஆள் கிடைப்பது சுலபம். நாவலூர், சிறுசேரி, கேளம்பாக்கம் என்று தெற்கே போகப் போக விலை குறையும், கூடவே ஒரே மாதிரி ஃபிளாட்கள் நூற்றுக்கணக்கில் காலியாகப் போட்டிக்கு நிற்கும். மேற்கே போரூர், மணப்பாக்கம் பக்கமும் ஐ.டி. வேலைக்காரர்களை நம்பி வாங்கலாம்.

மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மாதவரம் முதல் சிறுசேரி சிப்காட் வரையிலான பாதை ஓ.எம்.ஆர். வழியாகத்தான் போகிறது. வரட்டும், நல்லதுதான். ஆனால் அந்த ஸ்டேஷனுக்கான விலையை இன்றே உங்களிடம் வாங்கப் பார்ப்பார்கள். வாடகைக்கு வருபவர் இன்றைக்கு ஓடாத ரயிலுக்கு ஒரு ரூபாய்கூடச் சேர்த்துத் தர மாட்டார்.

தண்ணீர் இன்னொரு பெரிய விஷயம். ஓ.எம்.ஆர். குடியிருப்புகள் பலவற்றில் டேங்கர் லாரிதான் கதி. கோடையில் மெயின்டனன்ஸ் எகிறும், வாடகைதாரர் அதைப் பார்த்துவிட்டு வேறு வீடு தேடுவார். அசோசியேஷனிடம் ஏப்ரல், மே மாத டேங்கர் செலவைக் கேட்டு வாங்குங்கள், கொடுக்கத் தயங்கினால் அதுவே பதில். அதே போல வெள்ளம். 2015-லும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர் பகுதிகளில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022-ல் ராம்சார் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்த ஈரநிலம், சுற்றுவட்டாரத்து மழைநீர் வடிந்து வந்து சேரும் இடமே அதுதான். விற்பவரிடம் கேட்டால் "இந்தத் தெருவுல வராதுங்க" என்பார். நீங்கள் தெரு முனையில் உள்ள டீக்கடையிலும் அயர்ன் கடையிலும் கேளுங்கள், அந்த டிசம்பரில் தண்ணீர் எதுவரை நின்றது என்று சுவரைக் காட்டியே சொல்வார்கள். நேரில் வர முடியாவிட்டால் நம்பிக்கையான ஒருவரை மழைக்காலத்தில் அனுப்பிப் பாருங்கள்.

ஃபிளாட்டும் பத்திரமும்

புதுசா ரீசேலா என்றால், வாடகைக்கு விடுவதற்கு ஐந்து முதல் பத்து வயதான ரீசேலையே நான் விரும்புவேன். அசோசியேஷன் எப்படி நடக்கிறது, லிஃப்ட் எத்தனை நாள் நிற்கிறது, சுவரில் ஓதம் ஏறுகிறதா என்பதெல்லாம் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம், வாங்கிய அடுத்த மாதமே வாடகை வரும். புதுசுக்கும் சாதகம் உண்டு. 2023 டிசம்பர் முதல் புது ஃபிளாட்டின் முதல் விற்பனைக்கு, 50 லட்சம் வரை முத்திரைத்தீர்வையும் பதிவுக்கட்டணமும் சேர்த்து 6%, அதற்கு மேல் 3 கோடி வரை 7%. ஆனால் கட்டி முடிக்காத வீட்டுக்குப் பொதுவாக 5% ஜி.எஸ்.டி. உண்டு. நிறைவுச் சான்றிதழ் வாங்கிய வீட்டுக்கு அது கிடையாது. புதுத் திட்டம் என்றால் தமிழ்நாடு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணை அதன் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், விலையைக் கார்பெட் ஏரியாவுக்கு, அதாவது வீட்டுக்குள் உண்மையில் புழங்கும் தரைப்பரப்புக்கு, கணக்கிட்டுப் பாருங்கள்.

பத்திரங்களில் மூலப்பத்திரம், குறைந்தது 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. என்ற அரசுத் திட்ட அமைப்பின் கட்டட அனுமதி, நிறைவுச் சான்றிதழ், அப்புறம் யூ.டி.எஸ். (நிலத்தில் உங்கள் ஃபிளாட்டுக்கு உரிய பிரிக்கப்படாத பங்கு) எவ்வளவு என்பது, இவை கட்டாயம். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். பில்டர் கொடுக்கும் வக்கீலோ புரோக்கர் காட்டும் வக்கீலோ வேண்டாம், உங்கள் பணத்தில் உங்களுக்காகப் பார்க்கும் வக்கீல் ஒருவரை வையுங்கள். ரீசேல் என்றால் அசோசியேஷனிடம் பாக்கி இல்லை என்ற கடிதமும் வாங்குங்கள்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவரான நீங்கள்தான் விற்பவருக்குக் கொடுக்கும் தொகையில் 1% வரியைப் (டி.டி.எஸ்.) பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால் பிடித்தம் இதைவிடப் பல மடங்கு, அதை ஆடிட்டரிடம் கேட்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். பதிவு முடிந்ததும் சொத்து வரி, இ.பி. இணைப்பு இரண்டையும் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். பலர் இதைத் தள்ளிப்போட்டு, விற்கும் நேரத்தில் அலைகிறார்கள்.

நிர்வாக நிறுவனத்தைப் பிடிப்பது

இதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, உங்கள் சார்பில் வேலை பார்த்துக் கட்டணம் வாங்குபவர்கள். வாடகையில் ஒரு சதவீதம், வருடத்துக்கு ஒரு மாத வாடகை, அல்லது நிலையான தொகை என்று அவரவர் கணக்கு. இன்னொன்று, "வீடு காலியாக இருந்தாலும் மாதம் இவ்வளவு தருகிறோம்" என்று உங்களிடம் மொத்தமாக வாடகைக்கு எடுத்து, வேறு ஆள்களுக்கு உள்வாடகைக்கு விடுபவர்கள்.

இரண்டாவது வகை காதுக்கு இனிமையாக இருக்கும், ஆனால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்த உத்தரவாதத்துக்குப் பின்னால் இருப்பது அந்த நிறுவனத்தின் வங்கிக் கணக்கு மட்டும்தான். நிறுவனம் தள்ளாடினால் உங்கள் வாடகை நிற்கும், உள்ளே குடியிருப்பவரோ தன் அட்வான்ஸை அவர்களிடம் கொடுத்துவிட்டு உங்கள் வீட்டில் உட்கார்ந்திருப்பார். அவர் யாரென்றே உங்களுக்குத் தெரியாது. இரண்டு படுக்கையறை வீட்டில் பலகை அடித்து நான்கு பேருக்குப் பிரித்துக் கொடுத்து, குளியலறை ஒழுகி, அசோசியேஷன் உங்களுக்கு நோட்டீஸ் அனுப்பும் நிலையும் வரும். பில்டரே இரண்டு வருடம் வாடகை உத்தரவாதம் தருகிறேன் என்றால், பக்கத்தில் அந்த உத்தரவாதம் இல்லாத அதே அளவு வீட்டின் விலையைப் பாருங்கள். பல நேரம் அந்த வாடகை, விலையில் ஏற்றி உங்களிடமே வாங்கிய பணமாக இருக்கும்.

நிறுவனத்தைத் தேர்வு செய்யும்போது இணையத்தில் உள்ள நட்சத்திரங்களைப் பார்ப்பதைவிட, நீங்கள் வாங்கப்போகும் அதே குடியிருப்பில் அவர்கள் பார்த்துக்கொள்ளும் வீட்டு ஓனர்கள் இரண்டு பேரின் எண்ணைக் கேளுங்கள். அவர்களிடம் ஒரே கேள்வி: "கடைசியா ஆள் காலி பண்ணப்போ என்ன நடந்துச்சு?" வாடகை ஒழுங்காக வரும் மாதங்களில் எல்லா நிறுவனமும் நல்ல நிறுவனம்தான். காலி செய்யும் வாரத்தில்தான் யார் எப்படி என்று தெரியும்.

ஒப்பந்தத்தில் என்ன இருக்க வேண்டும்

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள்.

வாடகை நேராக உங்கள் கணக்குக்கு வர வேண்டும். நிறுவனம் தன் கட்டணத்துக்கு உங்களுக்குத் தனியாக பில் அனுப்பட்டும். "நாங்கள் வாங்கி, கழித்துக்கொண்டு, பத்தாம் தேதி அனுப்புகிறோம்" என்பதற்கு ஒப்புக்கொண்டால், வாடகைதாரர் தாமதம் செய்கிறாரா நிறுவனம் தாமதம் செய்கிறதா என்றே உங்களுக்குத் தெரியாமல் போகும்.

அட்வான்ஸும் அப்படியே. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் பழக்கம் வெகுகாலம் இருந்தது. 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம், இரு தரப்பும் வேறு விதமாக எழுதிக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. மூன்று மாதமே போதும், ஆளும் சீக்கிரம் கிடைக்கும். அந்தப் பணம் உங்கள் கணக்கில், முடிந்தால் தனியாக ஒரு வைப்புத் தொகையாக இருக்கட்டும். அது வாடகைதாரரின் பணம், காலி செய்யும் அன்று தயாராக இருக்க வேண்டும்.

பவர் விஷயம். சில நிறுவனங்கள் பொது அதிகாரப் பத்திரம் கேட்கும். கொடுக்காதீர்கள். வீட்டைக் காட்ட, பழுது பார்க்க, இ.பி., வரி அலுவலகங்களில் மனு கொடுக்க, வாடகை ஒப்பந்தத்தைப் பதிய என்று வேலைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட தனி அதிகாரம் போதும். விற்க, அடமானம் வைக்க, கடன் வாங்க, பணம் பெற அதிகாரம் இல்லை என்று அதிலேயே எழுதுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து நீங்கள் போடுங்கள். வெளிநாட்டிலிருந்து பவர் எழுதினால் இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி, அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும்.

ரிப்பேருக்கு ஒரு வரம்பு வையுங்கள். 2,000 ரூபாய் வரை கேட்காமல் செய்யலாம், அதற்கு மேல் போட்டோவும் இரண்டு விலைப்புள்ளியும் வேண்டும். பில் வேலை செய்தவரின் பெயரில் இருக்க வேண்டும், அதன் மேல் நிறுவனம் கமிஷன் வைக்கிறதா என்பதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். நிர்வாகக் கட்டணத்தை மலிவாகச் சொல்லிவிட்டு பிளம்பர் பில்லில் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

புதுப்பிக்கும் கட்டணத்தைப் பாருங்கள். அதே வாடகைதாரர், அதே வீடு, 11 மாதம் முடிந்து தாள் மாறுகிறது, அதற்கு அரை மாத வாடகை கேட்பது நியாயமில்லை. அடித்துவிடச் சொல்லுங்கள். காலி மாதங்களில் நிர்வாகக் கட்டணம் இல்லை என்றும் எழுத வேண்டும், அப்போதுதான் சீக்கிரம் ஆள் பிடிக்க அவர்களுக்கும் அக்கறை வரும்.

காலியாக இருக்கும்போது என்ன செய்வார்கள் என்பதையும் எழுதுங்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டில் பாத்ரூம் தரை ஜாலிக்குக் கீழே நிற்கும் தண்ணீர் சில வாரத்தில் வற்றிவிடும். அந்த வழியாகக் கரப்பான் பூச்சியும் சாக்கடை நாற்றமும் ஏறி வரும். வீடு பார்க்க வருபவர் கதவைத் திறந்ததுமே முகம் சுளித்துத் திரும்பிவிடுவார். வாரம் ஒரு தடவை ஜன்னல்களைத் திறந்து, எல்லாக் குழாயிலும் தண்ணீர் ஓடவிட்டு, ஏ.சி.யைக் கொஞ்ச நேரம் போட்டு, வார்ட்ரோபுக்குப் பின்னால் கரையான் மண் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து, தேதியோடு வீடியோ அனுப்ப வேண்டும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மேல்தளத்து வீடு என்றால் கூரை ஓரங்களையும் பார்க்க வேண்டும்.

வாடகைதாரரும் அக்ரிமென்ட்டும்

யாரை வைப்பது என்ற கடைசி முடிவு உங்களுடையது என்று ஒப்பந்தத்தில் இருக்கட்டும். வேலை, சம்பளம், பழைய ஹவுஸ் ஓனரிடம் ஒரு போன், இவ்வளவு பார்த்தால் போதும். சாதி, மதம், சைவமா அசைவமா என்று வடிகட்டச் சொல்லாதீர்கள். அது தப்பு, வீடும் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும்.

மேலே அட்வான்ஸ் பற்றிச் சொன்னபோது வந்த வாடகைச் சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் இணையம் வழியாகப் பதிந்து எண் வாங்க வேண்டும். வெறும் இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளும் பழைய பழக்கம் இனி போதாது, பிரச்சினை வந்து வாடகை நீதிமன்றத்துக்குப் போகும்போது அந்தப் பதிவுதான் பேசும். நிறுவனத்திடம் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். சட்டத்தில் வாடகைதாரருக்கும் பாதுகாப்பு இருக்கிறது: முன்னறிவிப்பு இல்லாமல் உள்ளே நுழையக் கூடாது, பாக்கி இருந்தாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. நிறுவனத்தின் ஆள் இதை மீறினாலும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். உள்ளே வரும் நாளில் ஒவ்வோர் அறையையும், ஒவ்வொரு சுவிட்சையும், இ.பி. மீட்டர் அளவையும் வீடியோ எடுத்து இரண்டு பேரிடமும் வைத்தால் காலி செய்யும் நாளில் பாதிச் சண்டை இருக்காது.

வரி

வாடகையில் நீங்கள் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30% நிலையான கழிவு. நிர்வாகக் கட்டணம், பெயின்டிங், ரிப்பேர் எல்லாம் அந்த 30 சதவீதத்துக்குள் அடக்கம், தனியாகக் கழிக்க முடியாது. மேலே உள்ள உதாரணத்தில் 2,42,000-ல் 6,000 போக 2,36,000, அதில் 30% போக 1,65,200-க்கு வரி. கடன் வட்டியை இதிலிருந்து கழிக்கலாம். பழைய வரிமுறையில் வட்டியால் வரும் நஷ்டத்தை வருடம் 2 லட்சம் வரை சம்பளத்தில் ஈடுகட்டலாம். புதிய முறையில் அது முடியாது. கடன் வாங்கி வாங்குபவர்கள் இந்த வித்தியாசத்தை முன்னாலேயே கணக்கில் எடுக்க வேண்டும்.

வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் வாடகை பொதுவாக என்.ஆர்.ஓ. கணக்குக்கு (வெளிநாட்டில் வசிப்பவர் தன் இந்திய வருமானத்தைப் போடும் வங்கிக் கணக்கு) வரும். வாடகை கொடுப்பவர் 30 சதவீதமும் அதன் மேல் 4% செஸ்ஸும் பிடித்து, டான் எண் (வரி பிடிப்பவருக்கான எண்) எடுத்து அரசுக்குக் கட்ட வேண்டும். வாடகைதாரர் பலருக்கு இது தெரியாது, தெரிந்ததும் பயந்து வேறு வீடு பார்ப்பார்கள். அந்த வேலையை அவருக்காகச் செய்து தருவதையும் நிறுவனத்தின் பொறுப்பாக எழுதுங்கள், வெளிநாட்டு ஓனர்களுக்கு இந்தச் சேவையின் உண்மையான பயனே இதில்தான் இருக்கிறது. உங்கள் வரி அவ்வளவு வராது என்றால் குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம், அல்லது ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம்.

வருடத்துக்கு ஒரு முறை, தேவைப்பட்டால் விலகுவது

ஊருக்கு வரும்போது ஒரு மணி நேரம் ஒதுக்கி, வாடகைதாரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு வீட்டைப் பாருங்கள். அவரிடமே கேளுங்கள், புகார் சொன்னால் எத்தனை நாளில் ஆள் வருகிறார் என்று. அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் நீங்களே இருங்கள், நிறுவனத்தின் ஆளை மட்டும் போட்டுவிட்டு ஒதுங்காதீர்கள். பெரிய பழுதுக்கு பணம் கேட்கும் தீர்மானங்கள், லிஃப்ட் மாற்றுவது, வெளிச்சுவர் பெயின்டிங் எல்லாம் அங்கேதான் முதலில் வரும்.

நிறுவனம் சரியில்லை என்றால் 30 நாள் நோட்டீஸில் விலகும் உரிமை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அவர்கள் பிடித்துத் தந்த வாடகைதாரர் தொடர்ந்து இருந்தால் அதற்கு அபராதம் என்று சில ஒப்பந்தங்களில் சின்ன எழுத்தில் இருக்கும், கையெழுத்து போடும் முன்பே அதை எடுக்கச் சொல்லுங்கள். விலகும்போது எல்லாச் சாவியும், வாடகை ஒப்பந்தத்தின் மூலப் பிரதியும் பதிவு எண்ணும், உள்ளே வந்த நாளின் வீடியோவும், ஏ.சி., கீசர் வாரன்டி தாள்களும், கடைசி இ.பி., மெயின்டனன்ஸ் ரசீதுகளும் உங்கள் கைக்கு வந்த பிறகு கடைசி பில்லைக் கட்டுங்கள். கொடுத்த பவரை ரத்து செய்யும் பத்திரத்தைப் பதிந்து, அதன் நகலை நிறுவனத்துக்கும் வாடகைதாரருக்கும் அசோசியேஷனுக்கும் அனுப்பிவிடுங்கள்.